ஆறு பூட்டும் ஒரு சாம்பார் கரண்டியும்

அன்று மதியம் அடையாறு இளந்தென்றல் இல்லத்தில் இருந்தவர்கள்:

சாய்நாத். இல்லத்தின் டைரக்டர். சட்டைப் பையில் பேஜர், இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் யாரோ எந்நேரமும் போட்டோ எடுப்பது போன்ற சிரிப்பு.

தங்கபுஷ்பம். ஆயா. சமையல், துவையல், குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அவள்தான். ஊர் நாசரேத் பக்கம்.

பஞ்சாட்சரம். எல்லோருக்கும் பஞ்சு. வயது நாற்பத்தைந்து. மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்து நாற்பது வருஷம் ஆகிறது. தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் இவர்தான்.

நீரஜா. பஞ்சுவின் தங்கை. மயிலாப்பூரில் கணக்கு டீச்சர். அரை நாள் லீவு.

நிரஞ்சன். இல்லவாசி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வதில் சென்னையிலேயே இவரை மிஞ்ச ஆளில்லை. இது பின்னால் முக்கியம்.

இன்னும் ஒரு டஜன் இல்லவாசிகள், ஹாலில், சுவரோரப் பெஞ்சில்.

வாசலில் ஒரு வேன். அதற்குள் தூங்கும் டிரைவர்.

கடைசியாக, துப்பறிவாளர் ஜவஹரும் அவருடைய அசிஸ்டென்ட் ஷம்ஷாத்தும். தி.நகரிலிருந்து ஒரே டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார்கள். ஓட்டியது ஷம்ஷாத். பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது ஜவஹர்.

இல்லாதவை: ஐந்து பூட்டுகள்.

"பூட்டு மட்டும்தானா?" என்றார் ஜவஹர்.

"பூட்டு மட்டும்தான் சார்," என்றார் சாய்நாத்.

"பூட்டுக்குப் பின்னாடி இருந்த சாமான்?"

"அப்படியே இருக்கு. ஸ்டோர்ல பிஸ்கட் டின், ஃப்ரிட்ஜ்ல தயிர், அலமாரியில டி.வி. ஒண்ணும் போகல."

"பிஸ்கட்ட வுட்டுட்டு பூட்ட எடுத்துக்கினு போயிருக்கான்," என்றாள் ஷம்ஷாத். "இன்னா சார், இரும்புச் சத்து கம்மியா?"

சாய்நாத்தின் போட்டோச் சிரிப்பு கொஞ்சம் ஆடியது.

"திருடன் யாருன்னு தெரிஞ்சு போச்சும்மா. நேத்து கேட் பூட்டை எடுத்துத் துண்டுல சுத்தி வெச்சிருந்தார் பஞ்சு. கையும் களவுமா நானே பிடிச்சேன். இதோ." மேஜை மேல் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு இருந்தது. ஆறாவது பூட்டு. "எனக்கு வேண்டியது உங்க லெட்டர்ஹெட்ல ஒரு ரிப்போர்ட். திருடறவங்களை இங்க வெச்சுக்கக் கூடாதுன்னு டிரஸ்ட் விதி. திருவள்ளூர் தாண்டி ஒரு இடம் பார்த்தாச்சு. டீ குடிச்சதும் வேன் கிளம்பிடும்."

"திருவள்ளூர் தாண்டி எவ்வளவு தாண்டி?" என்றாள் நீரஜா. அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. "ஞாயித்துக்கிழமை தவறாம அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கே கொண்டுபோய்ப் போட்டா தீபாவளிக்கு ஒரு தடவை பார்க்கலாம். அதுவும் பஸ் கிடைச்சா."

"டீ எப்போ?" என்றார் ஜவஹர்.

"இன்னும் நேரம் இருக்கு."

"அப்போ கேஸும் இருக்கு. மீதி ஐந்து பூட்டு எங்கே?"

"வீடு முழுக்கத் தேடியாச்சு சார். கட்டிலுக்கு அடியில, டிரங்கு பெட்டியில, அரிசி மூட்டையில. பூந்தொட்டியைக்கூடக் கவுத்துப் பார்த்தாச்சு."

"வர வழியில சைதாப்பேட்டைல இறங்கி காயலான் கடை கலீமுல்லா மாமாவ கேட்டேன்," என்றாள் ஷம்ஷாத். "சாவி இல்லாத பூட்டு என் மச்சான் வாயில போடக்கூட ஆவாதுன்னு சொல்லிட்டாரு. யாரும் விக்க வரல."

ஜவஹர் பித்தளைப் பூட்டை எடுத்துப் பார்த்தார். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். திறக்கத்தான் சாவி வேண்டும்.

"எல்லாம் இந்த ரகம்தானா?"

"எல்லாம். சாவி என் இடுப்பில. பகல்ல பூட்டைத் திறந்து கொண்டியிலேயே தொங்க விட்டுடுவோம்."

"எந்தெந்தக் கதவுல தொங்கிச்சு?"

"ஸ்டோர், ஃப்ரிட்ஜ், டி.வி. அலமாரி, மருந்து அலமாரி... அப்புறம் சும்மா ஒரு ரூம்."

"சும்மா ஒரு ரூமுக்குப் பூட்டு எதுக்கு சார்?"

"பழக்கம்தான்," என்றார் சாய்நாத், ஜன்னலைப் பார்த்து.

ஜவஹர் பூட்டை விரலில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "பஞ்சுவைப் பார்க்கலாம்."

ஹாலில் பெஞ்சு நிறைய ஆட்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைக்கு மேல் பட்டன் வரை போட்டு, ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்தது போல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டை முழங்கால் வரை. பக்கத்தில் இருந்தவரின் சட்டை தொப்புள் வரை. மாற்றிப் போட்டால் சரியாக இருக்கும் என்று ஷம்ஷாத் நினைத்தாள். யாரும் மாற்றவில்லை. சலவையிலிருந்து எது முதலில் வந்ததோ அது.

அடையாற்றுப் பக்கத்துக் காற்று ஒரு வீசு வீசியது. ஹால் கதவு படார் என்று சாத்திக்கொண்டது. மின்விசிறி வேறு ஓடவில்லை. உடனே புழுங்கியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு டஜன் பேரும் சாத்திய கதவை, விளம்பரம் முடியக் காத்திருப்பவர்கள் டி.வி.யைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

"இன்னாங்கப்பா, வேர்க்கலயா? ஒருத்தர் எழுந்து தொறக்கறது!"

"ஆயா வரணும்," என்றார் நிரஞ்சன்.

ஷம்ஷாத் போய்க் கைப்பிடியை இழுத்தாள். திறந்தது. பூட்டவே இல்லை. அவள் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்து, அதை மட்டும் மூடிக்கொண்டாள்.

பஞ்சு பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ஒல்லி, வழுக்கை, நேரான முதுகு. ஜவஹர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தளைப் பூட்டைக் காட்டினார்.

"பஞ்சு சார், இது எதுக்கு?"

பஞ்சு பூட்டைப் பார்த்தார். பிறகு ஜவஹரை. பிறகு சாய்நாத்தை. துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார்.

"பத்தல," என்றார்.

"எதுக்குப் பத்தல?"

பஞ்சு வாயை மூடினால் தாசில்தாரே வந்தாலும் திறக்காது என்றாள் நீரஜா.

"அஞ்சு பூட்டு எடுத்தும் பத்தலயாம் சார்," என்று ஷம்ஷாத் கிசுகிசுத்தாள். "பாங்க்தான் தொறக்கப் போறாரு."

ஜவஹர் நீரஜாவைத் தனியே அழைத்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவார்?"

"நேரா பாத்ரூம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவான். ஒரு மணி நேரம் வரமாட்டான்."

"குளிப்பாரா?"

"அதுதான் சார் புரியல. தண்ணி சத்தமே கேட்காது. துண்டும் நனைஞ்சிருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பான். வெளியே வரும்போது மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். எங்க வீட்டுக்காரர் தினமும் பேப்பரோட போய் அதையேதான் பண்றாரு, அதனால நான் கண்டுக்கறதில்ல."

அப்போது சமையலறையில் எச்சில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. "சாம்பார் கரண்டி எங்கய்யா? இந்த வீட்ல கரண்டிக்குக்கூடக் கால் முளைக்குமா?"

நிரஞ்சன் துள்ளி எழுந்தார். நடைபாதையின் கோடியில் ஓர் அறைக் கதவு. அதன் வெளிக் கொண்டியில், பூட்டு இருக்கவேண்டிய ஓட்டையில், நீளமான சாம்பார் கரண்டி செருகியிருந்தது. அதை உருவி எடுத்து, கோப்பை வாங்கி வந்தவர் போல் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

ஜவஹர் சாய்நாத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"காயப் போட்டிருந்தோம்," என்றார் சாய்நாத்.

"நெனச்சேன்," என்றாள் ஷம்ஷாத். "கரண்டிய நெழல்லதான் காய வெக்கணும். வெயில்ல வெச்சா கறுத்துடும்."

"எனக்கு பாத்ரூம் போகணும்," என்றார் ஜவஹர்.

"என் ரூம்ல தனி பாத்ரூம் இருக்கு சார், டைல்ஸ் எல்லாம்..."

"இவங்க போறதே போதும்."

இல்லவாசிகளின் பாத்ரூம் நடைபாதையின் நடுவில் இருந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரில் சாய்ந்திருந்தது. நடைபாதையில் போகிற வருகிற யாருக்கும் உள்ளே வாளி, சொம்பு, சிமெண்ட் தொட்டி எல்லாம் தெரிந்தது. ஆள் இருந்தால் ஆளும் தெரிவார்.

ஜவஹர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

ஷம்ஷாத் கதவைத் தட்டினாள்.

"சார்," என்றாள் ஷம்ஷாத், வெளியிலிருந்து. "உள்ளார இன்னா பண்றீங்கன்னு கேக்கக் கூடாது. ஆனா கேஸ் போய்க்கினு கீது."

"கேஸ் இங்கேதான் இருக்கு. உள்ளே வா. டைரக்டரையும் கூட்டிட்டு வா. எல்லாரும் வந்து கதவைச் சாத்துங்க."

அந்த பாத்ரூமில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. சாய்நாத்தின் ஒரு கால் வாளிக்குள் இருந்தது. கதவைச் சாத்தியதும் எல்லோருக்கும் தெரிந்தது.

கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஸ்டோர் பூட்டு தொங்கியது. அதன் வளையத்துக்குள் ஃப்ரிட்ஜ் பூட்டு. அதற்குள் டி.வி. அலமாரிப் பூட்டு. ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, அமுக்கிப் பூட்டிய ஐந்து பூட்டுகள். சங்கிலி.

"ஆத்தாடி!" என்றாள் தங்கபுஷ்பம். "கொஞ்ச நாளாக் கதவு சுவத்துல நல்லாச் சாயல. மரம் ஊறிப்போச்சுன்னுல்ல நினைச்சேன்."

"வீடு முழுக்கத் தேடினீங்க," என்றார் ஜவஹர். "கதவுக்குப் பின்னாடி தேடல. ஏன்னா இந்தக் கதவை இங்கே யாருமே சாத்தினதில்ல. சாத்தாத கதவுக்குப் பின்பக்கம் இருக்கறது யாருக்கும் ஞாபகம் வராது."

கதவு நிலையில் துண்டு மாட்டும் ஒரு கொக்கி இருந்தது. ஜவஹர் சங்கிலியின் நுனியைப் பிடித்து அதை நோக்கி இழுத்தார். மாட்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் கதவைத் தள்ள முடியாது. எட்டவில்லை. ஒரு பூட்டு அளவு இடைவெளி. விரலில் மாட்டியிருந்த பித்தளைப் பூட்டை அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினார். கச்சிதம்.

"பத்தல," என்றார் பஞ்சு, கதவுக்கு வெளியிலிருந்து. யாரும் கேட்காமலே.

ஷம்ஷாத் முதலில் சிரித்தாள். பிறகு கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பெயின்டுக்கு அடியில் நான்கு சின்னக் குழிகள் விரலில் பட்டன. "சார், இங்க ஸ்க்ரூ இருந்திருக்கு. தாழ்ப்பாளக் கழட்டிட்டு பெயின்ட் அடிச்சிருக்காங்க."

சாய்நாத் வாளியிலிருந்து காலை எடுத்தார். முகத்தில் வெற்றி. "ஆக, எல்லாப் பூட்டையும் எடுத்தது பஞ்சுதான்! நிரூபணம் ஆயிடுச்சு. ரிப்போர்ட் எழுதிடுங்க சார்."

"எழுதறேன். பூட்டை எடுத்தது பஞ்சு. அதுக்கு முன்னாடி தாழ்ப்பாளை எடுத்தது யாருன்னும் எழுதணுமே."

"அது பாதுகாப்பு சார்! ஒருத்தருக்கு உள்ளே வலிப்பு வந்து கதவை உடைக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் கழட்டச் சொன்னேன்."

"அவர் இப்போ எங்கே?"

"கோயம்புத்தூர்ல, அண்ணன் வீட்டில. போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"வலிப்பு கோயம்புத்தூர் போயிடுச்சு. தாழ்ப்பாள் திரும்பி வரல."

"உங்க ரூம் பாத்ரூம்ல தாழ்ப்பாள் கீதா சார்?" என்றாள் ஷம்ஷாத்.

சாய்நாத்துக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. "இங்கே யாரையும் அடைச்சு வெக்கறதில்ல. கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடி வரும். வேணும்னா வாங்க, அந்த சும்மா ரூமையே காட்டறேன். மதிய ஓய்வு அறை. வந்து பாருங்க."

நடைபாதைக் கோடி அறைக்குள் அவர்தான் முதலில் போனார். பாய்கள், கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல், மூலையில் மூடி போட்ட ஒரு பக்கெட். அறை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"என்ன காற்றோட்டம் பாருங்க!"

ஜவஹர் வாசற்படியில் நின்று பக்கெட்டைப் பார்த்தார். ஓரடி பின்னால் வந்தார். பித்தளைப் பூட்டு அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

நிரஞ்சன் பக்கத்தில் நின்றிருந்தார். சாப்பாடு ஆனதும் இந்த அறையைப் பூட்டுவது அவர் டூட்டி, கூலி ஒரு பிஸ்கட். மதியச் சாப்பாடு ஆகிவிட்டது. அறைக்குள் ஆள் இருக்கிறார். எதிரில் பூட்டு இருக்கிறது, கரண்டி அல்ல, நிஜப் பூட்டு. அவருக்கு வேறென்ன வேண்டும்? ஜவஹரின் விரலிலிருந்து பூட்டை மரியாதையாகக் கழற்றி, கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டை அமுக்கினார்.

கிளிக்.

"டூட்டி முடிஞ்சுது," என்று பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார்.

கதவு அதிர்ந்தது. "நிரஞ்சா! கதவைத் திற!"

"டீ வரணும் சார்."

"யாராவது வாங்க! கதவைத் திறங்க!"

துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போய்விட்ட தங்கபுஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்தே ராகமாகக் குரல் கொடுத்தாள். "சத்தம் போடாதீக ராசா. டீ வரையில தொறப்பாக. படுத்துத் தூங்குங்க."

"நான் டைரக்டர்!"

"நேத்து கவர்னர்னீக. இன்னைக்கு டைரக்டரா? இறங்கிட்டீகளே ராசா!"

ஷம்ஷாத் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சிலிருந்து வந்து நின்றவர்களில் ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, ஹால் முழுக்கப் பரவியது. நிரஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் பிஸ்கட் வரவில்லை.

நீரஜாவும் சிரிக்கவில்லை. "தினமும் இப்படித்தானா?" என்றாள், பின்கட்டு வாசலில் நின்று.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். நடைபாதையில் நின்றவர்களை ஒரு நோட்டம் விட்டாள். இல்லவாசிகள் எல்லோரும் வெளியில். "அப்ப உள்ள யாரு?" என்றவள் நுரைக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "நான் ஒருத்திதாம்மா. பத்துப் பதினைஞ்சு பேருக்குத் துவைக்கணும், ஆக்கணும். பூட்டலன்னா ஒருத்தர் ரோட்டுக்குப் போயிருவாரு, ஒருத்தர் அடுப்புக்குப் போயிருவாரு. இன்னொரு ஆள் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சுது."

"சாவி என்கிட்டதான் இருக்கு!" என்றது உள்ளே இருந்த குரல்.

"பூட்டு எங்ககிட்ட கீது சார்," என்றாள் ஷம்ஷாத்.

"கதவுக்கு அடியில தள்ளறேன்!"

சாவிக்கொத்து கதவுக்கு அடியில் நுழையவில்லை. ஒற்றைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. அந்த வளையம் நகம் உடையாமல் யாருக்கும் வழி விட்டதில்லை. உள்ளே பேஜர் வேறு கீச்கீச் என்று கத்த ஆரம்பித்தது. ஷம்ஷாத் எழுந்து போய், வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குள் காணாமல் போனாள்.

"ஜவஹர் சார்!" குரல் இறங்கியிருந்தது. "அவசரம் சார். பாத்ரூம் போகணும்."

"உள்ளே பக்கெட் இருக்கே சார். இவங்க மதியம் பூரா அதுலதானே."

உள்ளே பேஜர்கூட நின்றுவிட்டது.

"ரிப்போர்ட்ல நான் பார்த்தது பார்த்தபடி வரும்," என்றார் ஜவஹர், கதவைப் பார்த்து. "கரண்டி, பக்கெட், கவர்னர், எல்லாம். டிரஸ்ட் மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி. அதைப் படிக்கறப்போ பஞ்சு இங்கே இருக்கறது உங்களுக்கு நல்லதா, திருவள்ளூர் தாண்டி இருக்கறது நல்லதா? யோசிங்க. டீக்கு நேரம் இருக்கு."

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வயிறு அவசரப்படுத்தும்போது மனிதன் வேகமாக யோசிப்பான்.

"வேனை அனுப்பிடுங்க."

நீரஜா ஓடிப்போய் வேன் கதவைத் தட்டிய தட்டில் டிரைவர் தூக்கத்திலேயே கியர் போட்டான். வேன் தெருமுனை திரும்பிய பிறகு கதவுக்கு அடியில் சாவி வந்தது.

சாய்நாத் வெளியே வந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. யாரையும் பார்க்காமல் தன் அறைக்கு ஓடினார். பாத்ரூம் கதவைச் சாத்தி, கையால் மேலும் கீழும் தடவினார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு குழிகள்.

ஷம்ஷாத் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சும்மா போங்க சார். கதவு தொறந்து இருந்தாத்தான் பாதுகாப்பு. நாங்க ஓடி வருவோம்."

இல்லவாசிகளின் பாத்ரூம் கதவில் பழைய குழிகள் தளர்ந்திருந்தன. ஷம்ஷாத் தீக்குச்சிகளை ஒடித்து அடைத்து, அதன்மேல் ஸ்க்ரூவை முறுக்கினாள். பஞ்சு பக்கத்திலேயே நின்று கண்ணிமைக்காமல் பார்த்தார். முடிந்ததும் தாழ்ப்பாளைத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். கைப்பிடியில் தொங்கிய பூட்டுச் சங்கிலியைக் காட்டி, "வேணாம்," என்றார்.

"சாவி உள்ள ஆளு வந்து கழட்டுவாரு நைனா. இப்ப வேற வேல பிசியா கீறாரு."

பஞ்சு துண்டைத் தோளில் சரி செய்தார். ஷம்ஷாத்தை நோக்கி, வெளியே போ என்று புறங்கையால் ஆட்டினார். அவள் போனாள்.

"அந்தப் பூட்டை நிரஞ்சன் கையில நீங்களேதான குடுத்தீங்க?" என்று கேட்டாள், ஜவஹரிடம்.

"நான் குடுக்கல. ஒளிச்சு வெக்கல, அவ்வளவுதான்."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

டீ வந்தது. தங்கபுஷ்பம் டம்ளரோடு நடைபாதையில் வந்தாள். பழக்க தோஷம், போகிற போக்கில் முழங்கையால் பாத்ரூம் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. நின்று, இன்னொரு தடவை தள்ளினாள். அவளுக்குப் பின்னால் நிரஞ்சன் துண்டோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முழங்கால் வரை சட்டை போட்டவர்.

உள்ளே தண்ணீர் சத்தம் இல்லை. சொம்பு சத்தமும் இல்லை. பஞ்சுவின் குரல் மட்டும் கேட்டது, அதட்டலாக.

"ஆள் இருக்கு!"